தண்ணி டேங்கில் நடந்த பள்ளிக்கூடம்

நான் வாயைத் திறந்தால் நாலு ஊருக்குக் கேட்கும். இது தற்பெருமை இல்லை, என் தொழில். தாடிக்கொம்பு தொடங்கி ஆத்தூர் வரைக்கும் எந்த ஊரில் காது குத்தினாலும், சடங்கு வைத்தாலும், சாமி கும்பிட்டாலும், மாதா சப்பரம் புறப்பட்டாலும் முதல் ஆளாகப் போய் இறங்குவது என் மைக் செட்தான். நான் மைக்கில் ஊதிப் பார்த்து, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லாமல் இந்தப் பக்கத்தில் எவனும் தாலி கட்டியதில்லை.

படிப்பு நாலாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. அரைப் பரீட்சை எழுதிய கையோடு ஒரு மைக் செட்டுக்காரரின் ஒயர்க் கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பியவன் நான். இன்றைக்கு என் ஷெட்டில் நாற்பத்திரண்டு குழாய் ஸ்பீக்கர், ஆறு ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஜெனரேட்டர். மாடி வீடு. மருமகள் பட்டதாரி. இதை எழுதுவது நான். பிழை பார்ப்பது மட்டும் மருமகள். இரண்டு இடத்தில், "மாமா, இது ரொம்ப ஓவரா இருக்கு" என்றாள். அந்த இரண்டு இடத்தையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்ட என்னையே கொரோனா வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டது. கல்யாணத்துக்கு விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள்தான் வரலாம் என்றார்கள். அந்தப் பத்துப் பேரிடம் பேச எதற்கு மைக்? ஷெட்டைத் திறந்து பார்த்தால் ஒரு குழாய்க்குள் எலி குட்டி போட்டிருந்தது. குழாய் நல்ல குழாய். அந்தக் குட்டிகள் கத்தியதுகூடக் கணீரென்று தெருவரை கேட்டது.

எங்கள் ஊர் தாடிக்கொம்புக்குக் கிழக்கே, சுற்றிலும் மல்லிகைத் தோட்டம். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம். அதற்குத் தலைமையாசிரியை ஒரு அம்மா, திண்டுக்கல் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். கிறிஸ்தவக் குடும்பம், தகப்பனாரும் வாத்தியார். ஆள் குள்ளம், ஆனால் அவர் தெருவில் வந்தால் சைக்கிளில் ட்ரிபிள்ஸ் போகிறவன் தானாக இறங்கி நடப்பான். அவர் இங்கே வந்தபோது பள்ளிக்கூடத்தில் பதினாலு பிள்ளை. வீடு வீடாகப் போய், தோட்டம் தோட்டமாகப் போய், நாலு வருஷத்தில் அதை முப்பத்தொன்று ஆக்கியிருந்தார். கூட ஒரு சின்ன டீச்சர் உண்டு. அந்தப் பெண் சொந்த ஊருக்குப் போன இடத்தில் ஊரடங்கில் மாட்டிக்கொண்டாள். ஆக, எல்லாம் இந்த ஒரு டீச்சர் தலையில்.

போனில் பாடம் நடத்து என்று மேலே இருந்து உத்தரவு. முப்பத்தொரு பிள்ளைக்கும் சேர்த்து ஊரில் இருந்தது பதினோரு தொடுபோன். அதில் நாலு கண்ணாடி உடைந்தது. மீதி ஏழும் விடிந்தால் அப்பன்மார் சட்டைப்பையில் ஏறித் தோட்டத்துக்குப் போய்விடும். அப்படியே ஒரு போன் கிடைத்தாலும் சிக்னலுக்குத் தண்ணி டேங்க் பக்கம்தான் வர வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சிக்னல் தேடி மாட்டுத் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று பாடம் பார்த்தது. டீச்சர் முகம் தெரிகிற நேரம் பார்த்து எருமை தண்ணி குடிக்க வந்தது. அன்றைக்கு டீச்சர் நேருக்கு நேராகப் பாடம் நடத்தியது அந்த எருமைக்குத்தான்.

ஒருநாள் மத்தியானம் டேங்க் நிழலில் டீச்சர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கமாகப் போனேன்.

"என்ன டீச்சர், இங்கன உக்காந்துட்டீங்க? வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு ஐயா. இன்னிக்கு நாலு வீட்டுக்குப் போனேன். நாலு வீட்டுலயும் பிள்ளை பூத்தோட்டத்துல இருக்கு. அஞ்சாப்புல முதல் பெஞ்ச்ல உக்காருமே ஒரு பிள்ளை, அதோட அப்பா சொல்றாரு, 'பள்ளிக்கூடந்தான் இல்லையே டீச்சர், சும்மா இருக்கிற பிள்ளை ரெண்டு பூ எடுக்கட்டுமே'ன்னு."

"அதுவும் நெசந்தானே டீச்சர்?"

"இன்னிக்கு எடுக்கும். நாளைக்கு எடுக்கும். பள்ளிக்கூடம் திறக்கிற அன்னிக்கும் எடுத்துக்கிட்டே நிக்கும். அப்ப நான் என்ன சொல்லிக் கூட்டிட்டு வர்றது?"

கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். நான் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றேன். அவரே சொன்னார். கல்வி ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்ப்பாராம். இருபது பிள்ளைக்கு மேல் உண்மையாகவே பாடம் போய்ச் சேர்கிறது என்று காட்டினால் பள்ளிக்கூடம் பிழைக்கும். இல்லாவிட்டால் நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடுவார்கள்.

"லாரி போற ரோட்டைத் தாண்டி எந்த அம்மா பொட்டப் பிள்ளையை அனுப்புவாங்க? முப்பத்தொண்ணும் போச்சு ஐயா" என்றார். அழவில்லை. மாஸ்க்கை மட்டும் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டுக்கொண்டார்.

நான் தலையைத் தூக்கித் தண்ணி டேங்கைப் பார்த்தேன். ஐம்பது வருஷமாக ஒரு ஊருக்குள் போனதும் நான் முதலில் பார்ப்பது அந்த ஊரின் உயரமான இடத்தைத்தான்.

"டீச்சர், ஒங்களுக்கு என்ன வேணும்? நீங்க பேசணும், பிள்ளைக கேக்கணும். அம்புட்டுத்தானே? பேச வேண்டியது நீங்க. கேக்க வைக்க வேண்டியது நான். எதுக்குப் போனு?"

ஊராட்சித் தலைவரிடம் போய் உத்தரவு வாங்கினேன். வாங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவர் கல்யாணத்துக்கும் என் செட்தான், அவர் மறுத்துப் பேச முடியாது. டேங்கின் மேல் நாலு திசைக்கு நாலு குழாய். எலி குடியிருந்த குழாயைக் கிழக்கே வைத்தேன். அதுதான் சத்தத்தில் ராசியானது. கீழே மோட்டார் ரூமில் ஆம்ப்ளிஃபயர், ஒரு நாற்காலி, டீச்சருக்கு ஒரு மேசை ஃபேன்.

முதல் நாள் ஒரு சின்னத் தவறு நடந்தது. தவறு என்னுடையது என்று சொல்ல மாட்டேன், பழக்கத்தினுடையது. செட்டைப் போட்டால் முதலில் ஒரு பக்திப் பாட்டு ஓட விடுவது என் வழக்கம். பாட்டு முடிவதற்குள் மேலத்தெருவிலிருந்து ஒருவர் வெள்ளை வேட்டியோடு வந்துவிட்டார். பின்னாலேயே நாலு பெண்கள். ஒருவன் தோட்டத்திலிருந்தே மாலை கட்டி எடுத்து வந்துவிட்டான்.

"யாருண்ணே?" என்றான் மெதுவாக.

"யாருன்னா?"

"போனது யாருண்ணே? கீழவீட்டுப் பெருசா?"

கீழவீட்டுப் பெரியவரே அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார். "ஏலே, நான் இருக்கேன்டா!" என்றார். மாலையைக் கொண்டுவந்தவன் அதை என்ன செய்வது என்று தெரியாமல் டீச்சர் ஸ்கூட்டருக்குப் போட்டுவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்ததும் என் சம்சாரம் சொன்னாள், "ஊரடங்குல ஒங்க கொழாய் சத்தம் கேட்டா சனம் வேற என்னத்த நெனைக்கும்? நாளைக்கு அந்தப் பாட்டப் போட்டீங்கன்னா எனக்கே மாலை வந்துரும்." மறுநாளிலிருந்து பாட்டு இல்லை. டீச்சர் மணி அடிப்பதை மைக்கில் பிடித்துப் போட்டோம்.

பத்து மணிக்குப் பாடம். மல்லிகை மொட்டு எடுக்கிற வேலை அதற்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் பார்த்து அந்த நேரத்தை வைத்தவர் டீச்சர். யோசனை சொன்னது நான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நான் மறுத்ததில்லை. பிள்ளைகள் அவரவர் வாசலில், வரப்பில், மரத்தடியில் நோட்டோடு உட்கார வேண்டும். டீச்சர் கேட்டால் இருந்த இடத்திலிருந்தே கத்திப் பதில் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை எல்லா நோட்டும் ஒரு பூக்கூடையில் டேங்கடிக்கு வரும். டீச்சர் அவற்றைத் துணிக்கொடியில் கிளிப் போட்டு இரண்டு மணி நேரம் வெயிலில் தொங்கவிட்டு, கிருமியெல்லாம் செத்த பிறகு சிவப்பு மையில் திருத்துவார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ நோட்டுப் புத்தகங்களைத் துவைத்துக் காயப்போட்டது போல இருக்கும்.

ஆனால் குழாய்க்குப் பிள்ளை, பெரியவர் என்று பேதம் கிடையாது. வெங்காயம் நடுகிற பெண்கள் குனிந்த குனியில் ஆத்திசூடி சொன்னார்கள். டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டே கிரகங்களை வரிசையாகச் சொல்வார், ஒன்று மட்டும் விட்டுப்போகும். டீச்சர், "தாவரம் எதிலிருந்து உணவு தயாரிக்கிறது?" என்று கேட்டால், ஊரே ஒரு குரலாக, "சூரிய ஒளி!" என்று கத்தும். ஒரே ஒரு குரல் மட்டும், "யூரியா!" என்று கத்தும். அது எங்கள் பங்காளி. அவர் அனுபவத்தைச் சொன்னார்.

இவ்வளவு சத்தம் வந்தும் முதல் மாதம் பத்தொன்பது நோட்டுத்தான் கூடைக்கு வந்தது. கேட்பது வேறு, எழுதுவது வேறு என்றார் டீச்சர். மீதிப் பன்னிரண்டு பேரும் பூத்தோட்டத்தில்தான் இருந்தார்கள். அந்த முதல் பெஞ்சுப் பிள்ளையும் அதில் உண்டு. இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. நாலாம் வகுப்பு படித்த மூளை.

எங்கள் பக்கத்தில் விசேஷம் என்றால் மொய்யை மைக்கில் வாசிப்போம். இன்ன ஊர் இன்னார், இன்ன உறவு, இவ்வளவு. கொடுத்ததை ஊர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கொடுத்தவனுக்குத் தூக்கம் வராது. அந்த வாசிப்பில் என்னை அடிக்க ஆள் கிடையாது. பெயரை இழுக்கிற இடத்தில் இழுத்து, தொகையை உடைக்கிற இடத்தில் உடைப்பேன்.

"டீச்சர், அடுத்த வெள்ளிக்கிழமை மார்க்கை எங்கிட்டக் குடுங்க" என்றேன்.

அவர் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "வடக்குத் தெரு, பம்புசெட் வீட்டுப் பேரன், நாலாம் வகுப்பு, கணக்குப் பாடம், இருபதுக்குப் பதினெட்டேய்! பதினெட்டேய்!" பெயரும் சேர்த்துத்தான் வாசித்தேன். இங்கே எழுதவில்லை, அந்தப் பிள்ளைகள் இப்போது மீசை முளைத்து நிற்கிறார்கள்.

நோட்டே தராத பன்னிரண்டு பேரையும் விடவில்லை. "இன்னார் மகள், வரவில்லை" என்று மட்டும் வாசித்தேன். விசேஷத்துக்கு வராமல் போனவனைச் சொல்கிற அதே தொனியில்.

அரை மணி நேரத்தில் அந்த முதல் பெஞ்சுப் பிள்ளையின் அப்பன் பூச்சாக்கோடு டேங்கடிக்கு வந்துவிட்டான்.

"யோவ் மைக்கு! பம்புசெட் வீட்டுக்குப் பதினெட்டு, என் பேருக்கு வரலையா? நான் எந்த விசேசத்துக்கு வராம இருந்திருக்கேன்?"

"ஒன்னைய யாருப்பா சொன்னா? ஒன் மக நோட்டு வரல."

"என் மக வரலைன்னா நான் வரலைன்னுதானே அர்த்தம்? ஊர் பூராம் கேட்டுருச்சே! டீச்சர், நாளையிலேர்ந்து பத்து மணிக்கு மேல அது பூவத் தொடாது. தொட்டா கையை ஒடிச்சிருவேன்!"

"கையை ஒடிக்காதீங்க, அதுலதான் எழுதணும்" என்றார் டீச்சர்.

அடுத்த வாரம் இருபத்தாறு நோட்டு. அதற்கடுத்த வாரம் முப்பத்தொன்று. டீச்சர் கூடையை மூன்று தடவை எண்ணினார்.

ஆனால் கௌரவம் என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. ஆத்தூரிலிருந்து ஒருவன் பைக்கில் வந்து இறங்கினான். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்குத் தாய்மாமன். புதுச் சட்டை போட்டிருந்தான்.

"அண்ணே, எங்கக்கா மகளுக்கு என்ன வாசிச்சீங்க?"

"இருபதுக்குப் பன்னெண்டு."

"தாய்மாமன் நான் ஒருத்தன் உசுரோட இருக்கேன். பன்னெண்டோட நிப்பாட்டுனா சபையில என் மரியாதை என்னத்துக்கு ஆகும்? என் பேருல ஒரு அஞ்சு சேத்து வாசிங்க."

"ஏலே அப்பு, இது மொய் இல்லடா. பரீட்சை."

"எதா இருந்தாலும் மைக்குல வாசிக்கிறப்ப மொறைன்னு ஒண்ணு இருக்குல்லண்ணே?"

எனக்கு அதில் நியாயம் இருப்பது போலத்தான் பட்டது. டீச்சரைப் பார்த்தேன். அவர் கேள்வித்தாளை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "அஞ்சு கணக்கு இருக்கு தம்பி. மாமா செஞ்சு காட்டுங்க, சேத்துக்கலாம்."

அவன் பைக் மேல் தாளை வைத்து வியர்க்க வியர்க்கச் செய்தான். இரண்டுதான் சரி. "தாய்மாமன், இரண்டு" என்று நான் வாசித்துவிடுவேனோ என்று பயந்து, "வாசிச்சிராதீங்கண்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் டீச்சருக்குக் காய்ச்சல் வந்தது. அதே காய்ச்சல்தான். டவுனில் வீட்டுக்குள்ளேயே பதினாலு நாள். போனில் அவர் குரல் கம்மிப்போய் வந்தது. "ஐயா, மணியை மட்டும் அடிங்க. புத்தகத்தைப் பாத்து எழுதச் சொல்லுங்க. நீங்க பாடம் ஏதும் நடத்திராதீங்க."

நான் பாடம் நடத்தவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன். வாய்ப்பாடு மட்டும் சொன்னேன். வாய்ப்பாடு பாடத்தில் சேராது. நாலாம் வகுப்பில் என் வாத்தியார் பிரம்பால் உள்ளே இறக்கியது. ஐம்பது வருஷம் ஆகியும் ஒரு எழுத்து அழியவில்லை. இரண்டில் தொடங்கிப் பன்னிரண்டு வரைக்கும், ஒவ்வொரு நாளும் பதினாலு நாள். மொய் வாசிக்கிற ராகத்திலேயே இழுத்துச் சொன்னேன். வயலும் தோட்டமும் திருப்பிச் சொன்னது. பூ எடுக்கிற பெண்கள் அதைப் பாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். படிக்காதவன் ஒருவன் நாலு ஊருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான் என்று எழுதினால் மருமகள் அடித்துவிடுவாள், இருந்தாலும் எழுதுகிறேன்.

டீச்சர் இளைத்துப்போய்த் திரும்பி வந்தார். முதல் வேலையாக நோட்டுகளைத் திருத்தினார். அந்த வாரம் சிவப்புப் பேனா இரண்டு தீர்ந்தது. திருத்திவிட்டு நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே அதிகாரி வந்தார். தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர், கொங்குப் பேச்சிலேயே தெரிந்தது. ஜீப்பிலிருந்து இறங்கிச் சுற்றிலும் பார்த்தார்.

"ஏனுங்க, பள்ளிக்கூடம் எங்கீங்க?"

"நீங்க நிக்கிறதுதான் சார்" என்றேன். மேலே கையைக் காட்டினேன்.

அவர் நாலு குழாயையும் பார்த்தார், துணிக்கொடியில் தொங்குகிற நோட்டுகளைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். பிள்ளைகளை ஒரே இடத்தில் கூட்டக்கூடாது என்று அவர் கையிலேயே உத்தரவு இருந்தது. "நடத்துங்க அம்மணி, பார்க்கலாம்" என்றார்.

டீச்சர் மைக்கைப் பிடித்தார். திருக்குறள் ஒன்றைத் தொடங்கிவைத்து, மிச்சத்தைச் சொல்லுங்கள் என்றார். நாலு பக்கமிருந்தும் கிளம்பியது பாருங்கள் ஒரு சத்தம்! டேங்கே அதிர்ந்தது. டீக்கடைக்காரர் முதற்கொண்டு அன்றைக்கென்று உயிரைக் கொடுத்துக் கத்தினார்கள். பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றுகிறார்களாம்.

அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, உங்க ஏட்டுல முப்பத்தொண்ணுங்க. இங்க முந்நூறு பேரு கத்தறாங்க. இதுல பசங்க யாரு, பெரியவங்க யாருன்னு நான் எப்படீங்க எழுதறது? ஒரு பையன்கூடக் கத்தலீன்னாலும் இதே சத்தந்தானுங்களே வரும்?"

டீச்சர் நோட்டுகளைக் காட்டினார். "நோட்டை வூட்டுல யாரு வேணா எழுதலாமுங்க" என்றார் அவர். அதுவும் சரிதான், எத்தனை அப்பன்மார் மார்க்குக்காக எழுதிக்கொடுத்தார்கள் என்று எனக்கே தெரியும். டீச்சர், நாலு வருஷம் தோட்டம் தோட்டமாக அலைந்தது அந்த மூடிய பேனாவுக்குள் போய்விட்டது போல நின்றார்.

அதிகாரி எழுந்தவர், போகிற போக்கில் மைக்கைத் தானே வாங்கினார். "ஒண்ணே ஒண்ணு நான் கேட்டுப்போடறேனுங்க. ஏழெட்டு எவ்வளவு?"

நான் நிம்மதியானேன். வாய்ப்பாடு நான் சொன்னது.

"அம்பத்தி நாலு!" என்று காடே கத்தியது.

அந்தச் சத்தத்தின் அடியில் மெல்லிசாக இன்னொரு சத்தம் வந்தது. கீச்சுக் குரல்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாக. "அம்பத்தி ஆறு!"

அதிகாரி நின்றுவிட்டார். மறுபடி கேட்டார். மறுபடியும் அதேதான்: தடித்த குரலெல்லாம் ஐம்பத்தி நாலு, கீச்சுக் குரலெல்லாம் ஐம்பத்தி ஆறு.

"ஏனுங்க, இதென்னுங்க ரெண்டு விதமா வருது?"

டீச்சர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் ஆம்ப்ளிஃபயரில் ஏதோ பட்டனைத் திருகினேன்.

"சார், நான் காய்ச்சல்ல கிடந்தப்ப ஐயா மைக்குல வாய்ப்பாடு சொல்லியிருக்காங்க. ஊரு முழுக்க அதைக் கேட்டுச்சு. நான் வந்து பிள்ளைங்க நோட்டுல மட்டும் அம்பத்தி ஆறுன்னு திருத்துனேன். பெரியவங்களுக்கு நோட்டு இல்லையே சார்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "வாங்க, நடந்துட்டே கேட்டறலாம்" என்றார்.

வீடு வீடாக, வரப்பு வரப்பாக நடந்தார்கள். நானும் பின்னால் போனேன். ஒவ்வொரு இடத்திலும் ஆறடி தள்ளி நின்று அவர் அந்த ஒரே கேள்வியைக் கேட்டார். பூக்கார அப்பன் மகளை முந்திக்கொண்டு, "அம்பத்தி நாலு சார்!" என்றான் நெஞ்சை நிமிர்த்தி. அந்தப் பிள்ளை அவனைப் பார்த்து, "சும்மா இருப்பா, மானத்த வாங்காத" என்று சொல்லிவிட்டு, எட்டுத் தடவை ஏழைக் கூட்டிக்கூட்டிச் சொல்லி ஐம்பத்தாறில் கொண்டுவந்து நிறுத்தியது. அதிகாரி எழுதிக்கொண்டார். இருபது தாண்டியது. முப்பத்தொன்றும் ஆனது. கடைசி வீடு என் வீடு. அங்கே பிள்ளை கிடையாது. இருந்தும் வாசலில் நின்ற என் சம்சாரத்திடம் சும்மா கேட்டுவைத்தார்.

"அம்பத்தாறுங்க" என்றாள் பட்டென்று.

"அம்மணிக்கு யாருங்க சொல்லித் தந்தாங்க?"

"நாப்பது வருசமா பால் ஊத்துறேன் சார். வீட்டுக்கு எட்டு ஆழாக்கு, வாரத்துக்கு ஏழு நாள். இவருகிட்ட அன்னிக்கே சொன்னேன், தப்புத் தப்பாச் சொல்றீகன்னு. மைக்கு ஓடுற நேரத்துல இவருக்கு வேற சத்தம் கேக்காது."

அதிகாரி கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடம் பிழைத்தது. ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்து, "நீங்க சரியாச் சொல்லியிருந்தா நான் திரும்பிப் போயிருப்பேனுங்க" என்றார். இதை அவர் வாயால் சொன்னார், நான் சேர்க்கவில்லை. பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியது யார் என்று யாராவது கேட்டால் நான் இந்த வாக்கியத்தைத்தான் சொல்வேன். என் சம்சாரம் வேறு மாதிரிச் சொல்வாள்.

டீச்சர் ஒரே ஒரு தண்டனை கொடுத்தார். மறுநாள் மைக்கில் நானே திருத்திச் சொல்ல வேண்டும். ஐம்பது வருஷத்தில் இந்த மைக்கில் நான் சொன்ன எதையும் வாபஸ் வாங்கியதில்லை. செத்த நேரம் யோசித்தேன். பிறகு சொன்னேன்: "பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. இதுவரைக்கும் எப்படியோ, இன்று முதல் ஏழெட்டு ஐம்பத்தாறு." நாலு ஊரும் ஏற்றுக்கொண்டது. டீக்கடைக்காரர் மட்டும், இதையும் கொரோனாவால்தான் ஏற்றினார்களா என்று கேட்டார்.

பள்ளிக்கூடம் திறந்த நாளன்று டேங்கிலிருந்து குழாய்களை இறக்கலாம் என்று ஏணியில் ஏறியிருந்தேன். மேலேயிருந்து பார்த்தால் பள்ளிக்கூட வாசல் நன்றாகத் தெரியும், அங்கே பேசுவதும் கேட்கும். டீச்சர் கேட்டில் நின்று ஒவ்வொரு தலையாக விரலால் தொட்டுத் தொட்டு உள்ளே அனுப்பினார். நானும் மேலிருந்து கூடவே எண்ணினேன். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. அதோடு நின்றது. மணி அடித்தாகிவிட்டது. டீச்சர் கேட்டை மூடவில்லை. பூத்தோட்டத்துப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏணியிலேயே நின்றேன். மைக் கைக்கெட்டுகிற தூரத்தில் இல்லாமல் போனதே என்று முதல்முறையாகத் தோன்றியது.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பூக்காரன் வண்டியை விரட்டிக்கொண்டு வந்தான். முன்னால் பூச்சாக்கு, பின்னால் யூனிஃபார்மில் மகள். பிள்ளை இறங்கி ஓடியது.

"சாக்கு நெறையலன்னு நான்தான் நிப்பாட்டிட்டேன் டீச்சர், அது மேல தப்பில்ல" என்றான்.

"நாளைக்கு நிறையலைன்னாலும் வந்துரணும்" என்றார் டீச்சர்.

"வந்துரும் டீச்சர்."

டீச்சர் அந்தப் பிள்ளையின் தலையில் விரலை வைத்தார். பிறகு கேட்டை இழுத்து மூடினார். நான் கிழக்குக் குழாயின் போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தேன்.